உற்றவன் சொல்

உடம்பில் நோய் இருக்கிறது. அதற்குப் பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இந்த நிலையில் ஒருவர் மாதக்கணக்காக வாழ நேர்ந்தால் அவர் படும் பாட்டை நாம் தனியாக ஒரு துன்பமென்று கணக்கில் வைப்பதில்லை. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்று வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டு, பிணி தொடங்கிய நாளுக்கும் அது இன்னதென்று நிர்ணயமாகும் நாளுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இருண்ட காலத்தைக் கவனிக்காமலே கடந்துபோகிறோம். அதிலும், நோயுற்றவர் இருபது, இருபத்தைந்து வயதுடைய இளைஞராகவோ யுவதியாகவோ இருந்து, நோயும் புற்றுநோயாக அமைந்துவிட்டால், அந்த இடைக்காலம் மிகக் கொடிய சோதனையாகிவிடுகிறது. இந்த வயதில் அந்த நோய் வராது என்ற எண்ணம் பெற்றோர், உற்றார், வைத்தியர் ஆகிய எல்லோருடைய மனத்திலும் வேரூன்றியிருப்பதால், நோயுற்ற பிள்ளை சொல்லுகிற சொல்லை யாரும் சாட்சியாக ஏற்றுக்கொள்வதில்லை. அப்படி ஏற்றுக்கொள்ளாமை அறிவின் குறையா, அறத்தின் குறையா என்பதும், எல்லாம் வினைப்பயன் என்று சொல்லி அமைதி கொள்ளும் வழக்கத்துக்கு நம் சமயத்தில் உண்மையாகவே இடமிருக்கிறதா என்பதும் நெடுநாளாக என் மனத்தை உறுத்திவரும் கேள்விகள்.

பொதுப்படப் பேசிக்கொண்டு போவதைவிட ஒரு வியாதியை எடுத்துக்கொண்டு பேசினால் விஷயம் விளங்கும். 1832-ஆம் ஆண்டில், லண்டன் நகரத்துக் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் வைத்தியர், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி மாண்டுபோன ஏழு பேருடைய உடல்நிலையை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் என்பவர் அந்த வியாதிக்கு ஹாட்ஜ்கினுடைய பெயரையே சூட்டினார். ஹாட்ஜ்கின் லிம்போமா என்று இன்று வழங்கும் அந்தப் புற்றுநோய்க்கு ஒரு விசித்திர குணம் உண்டு. மற்றப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை வயது ஏற ஏற மிகுதியாக வருகின்றன. இதுவோ இருபதுகளில் இருப்பவர்களை ஒருமுறை தேடி வருகிறது, பிறகு ஐம்பத்தைந்தைக் கடந்தவர்களை மற்றொருமுறை தேடி வருகிறது. கல்லூரியில் படிக்கிற பெண், முதல் உத்தியோகத்தில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய பையன் ஆகியோரே இதற்கு இலக்காகிறார்கள்.

வரும் விதமும் சாதுவானது. கழுத்தில் ஒரு நெறி கட்டுகிறது, தொட்டால் வலிக்காது. வலிக்காத கட்டியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அம்மா, பல்லில் சொத்தை இருக்கும், அல்லது தலையில் புண் இருக்கும் என்று சொல்லிச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடுகிறாள். பிறகு மாலைக் காய்ச்சல். இரவில் படுக்கைத் துணியெல்லாம் நனையும்படி வியர்வை. காரணமின்றி உடம்பு இளைத்துப் போதல். சிலருக்கு உடம்பு முழுவதும் அரிப்பு. இந்தக் குறிகள் அனைத்தையும் கண்ட வைத்தியர், நம் நாட்டில், முதலில் காசநோயையே நினைக்கிறார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உலகத்திலுள்ள காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். இளவயதில் கழுத்து நெறி வீங்கிக் காய்ச்சலும் இளைப்பும் கண்டால் அது காசநோயாக இருப்பதற்கே இங்கே அதிக வாய்ப்பு. எனவே ஆறு மாதத்துக்கு மாத்திரை தரப்படுகிறது. முதலில் சில நாள் காய்ச்சல் தணிகிறது. வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால் இந்தப் புற்றுநோயின் காய்ச்சல் சிலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஏறுவதும் தானே இறங்குவதுமாக இருக்கும். தானே இறங்கிய காய்ச்சலை மருந்தினால் இறங்கியதென்று எண்ணிக்கொள்வது எளிது. கட்டியில் ஊசி செலுத்திச் சிறிது எடுத்துப் பார்த்தாலும் சில சமயங்களில் உண்மை அகப்படுவதில்லை. இந்த நோய்க்கு அடையாளமான பெரிய அணுக்கள் அந்தக் கட்டியில் மிகச் சிலவாகவே இருக்கும். அவற்றைச் சுற்றிச் சாதாரண அழற்சி அணுக்களே மொய்த்துக் கிடக்கும். காசநோயில் காணப்படுவது போன்ற சிறு முடிச்சுகளும் சிலருடைய கட்டியில் தோன்றி, பார்ப்பவர் கண்ணை மறைத்துவிடும்.

இந்த மயக்கம் இன்று நேற்று உண்டானதன்று. அந்தப் பெரிய அணுக்களை 1898-இல் வியன்னாவில் விரிவாக ஆராய்ந்து எழுதிய கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்னும் மேதை, தாம் பரிசோதித்தவர்களில் பலருக்குக் காசநோயும் சேர்ந்திருந்ததைக் கண்டு, இந்த வியாதியே காசநோயின் ஒரு விசேஷ வடிவம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1902-இல், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய டாரதி ரீட் என்ற பெண்மணி, எட்டு நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொண்டு, அது காசநோயன்று, வேறொரு நோய் என்று நிலைநாட்டினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. இன்றும் அந்த அணுக்கள் இருவர் பெயரையும் சேர்த்து ரீட்–ஸ்டெர்ன்பெர்க் அணுக்கள் என்று வழங்கப்படுகின்றன. நுண்ணோக்கியின் கீழ் அந்த அணுக்களையே கண்ணாரக் கண்ட அறிஞர் ஒருவர் இப்படித் தவற நேர்ந்ததென்றால், நாளுக்கு நூறு பேரைப் பார்த்து அனுப்ப வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கும் அரசாங்க வைத்தியர் ஒருவர் தவறுவதை நாம் எவ்வளவு பொறுமையோடு பார்க்க வேண்டும்! பொறுமை வேண்டும் என்று சொல்வதனால், தவறு தவறாகவே நீடிக்கலாம் என்று ஆகிவிடாது. தவறு நேரும் இடம் எது என்று நம்முடைய தர்க்க சாஸ்திரம் மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறது.

புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டென்று ஊகிப்பது செல்லும். நெருப்பைக் கண்டு புகை உண்டென்று ஊகிப்பது செல்லாது. பழுக்கக் காய்ந்த இரும்பிலே நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. ஆகவே நெருப்பு என்ற ஏது, புகை உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால், அதைச் சவ்யபிசாரம், அதாவது ஓரிடத்தில் நில்லாது தடம் மாறும் ஏது என்று நையாயிகர்கள் தள்ளிவிட்டார்கள். கழுத்து நெறியும் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் இளைப்பும் அத்தகைய ஏதுக்களே. காசநோயிலும் அவை உண்டு, இந்தப் புற்றுநோயிலும் உண்டு. அவற்றைக் கொண்டு ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளலாம். முடிவு கட்டிவிட முடியாது. கௌதமருடைய நியாய சூத்திரம் வரிசைப்படுத்தும் 16 பதார்த்தங்களில் சம்சயம், அதாவது ஐயம், மூன்றாவது இடத்தில் நிற்கிறது. நிர்ணயம் ஒன்பதாவது இடத்தில்தான் வருகிறது. ஐயத்தைக் களைந்தெறிய வேண்டிய பதராகக் கருதாமல், அறிவு தொடங்குவதற்குரிய வாசலாகவே அந்த முனிவர் வைத்தார். ஐயம் தோன்றாத இடத்தில் ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை. எதை நான் தவறென்று சொல்லுகிறேன் என்றால், காசநோய்க்கு மருந்து தொடங்குவதையன்று; தொடங்கிய பிறகு ஐயத்தை அணைத்துவிடுவதை. இரண்டு மாதம் மாத்திரை தின்றும் கட்டி கரையவில்லை, காய்ச்சல் விடவில்லை என்று பெண் வந்து சொல்லும்போது, மாத்திரையை ஒழுங்காகத் தின்றாயா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடும் அந்தக் கணத்தில்தான் சாஸ்திரம் மீறப்படுகிறது.

அந்தப் பெண் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? இங்கேதான் விஷயம் அறிவு நூலிலிருந்து அற நூலுக்குள் நுழைகிறது. பிரத்தியட்சம், அனுமானம், உவமானம், சப்தம் என்று பிரமாணங்கள் நான்கு. சப்தம் என்பது ஆப்தனுடைய வாக்கு. ஆப்தன் என்றவுடன் நாம் ரிஷிகளையும் ஆசாரியர்களையும் மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் அப்படி நினைக்கவில்லை. ஒரு பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே பிறருக்குத் தெரிவிக்கும் விருப்பத்தோடு சொல்லுகிறவன் எவனோ அவனே ஆப்தன் என்று இலக்கணம் வகுத்து, இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் அவர் துணிந்து எழுதினார். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பார்த்தால், தன் உடம்பில் நேர்வதைத் தானே அனுபவித்து, அனுபவித்தபடியே சொல்லுகிற ஓர் இருபது வயதுப் பெண்ணைவிட அந்த விஷயத்தில் பெரிய ஆப்தர் யார் இருக்க முடியும்? நோயின் பெயர் அவளுக்குத் தெரியாது. அதை வைத்தியரே சொல்ல வேண்டும். ஆனால் நோய் இருக்கிறது, விடவில்லை, வளர்கிறது என்பதற்கு அவள் சொல்லே பிரமாணம்.

வைத்திய சாஸ்திரமும் இதை மறந்துவிடவில்லை. சரக சம்ஹிதை சிகிச்சைக்குரிய நான்கு அங்கங்களாக வைத்தியன், மருந்து, பணியாள், நோயாளி என்று சொல்லி, ஒவ்வோர் அங்கத்துக்கும் நான்கு குணங்களை விதிக்கிறது. நோயாளிக்கு விதித்த குணங்களில் ஒன்று, தன் நோயைத் தெரிவிக்கும் ஆற்றல். தெரிவிப்பது நோயாளியின் கடமை என்றால், கேட்பது மற்றவர் கடமை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதே நான்கு அங்கங்களைக் கூறுகிறார். ஆனால் வரிசையை மாற்றிவிடுகிறார். வைத்தியனை முதலில் வைத்த வடநூல் வழக்குக்கு மாறாக, நோயுற்றவனை முதலிலும் வைத்தியனை அவனுக்கு அடுத்தும் வைக்கிறார். யாப்பு நோக்கி இப்படி அமைந்தது என்று சொல்வாரும் உண்டு. நான் அவர் கருத்து நோக்கியே இப்படி அமைந்தது என்று நம்புகிறேன். துன்பம் யாருடையதோ அவரே முதல் என்பது வள்ளுவர் உள்ளத்துக்கு ஒத்த எண்ணம்.

உற்றவர் சொல்லை ஏற்காதபோது நேரும் கேட்டில், நோய் முற்றிவிடுவது ஒரு பாதிதான். மற்றப் பாதியை நாம் பேசுவதே இல்லை. பரீட்சைப் பயம் என்கிறார்கள். வேலைக்குப் போகச் சோம்பல் என்கிறார்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை, இராத்திரி முழுவதும் கைப்பேசியைப் பார்க்கிறாள் என்கிறார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். இவர்களில் ஒருவரும் கெட்டவர் அல்லர். அன்பினால் சொல்கிறவர்களே அதிகம். ஆனால் பத்துப் பேர் பத்து வாரம் சேர்ந்து சொன்னால், நோயுற்ற பிள்ளை தன் அனுபவத்தின்மேலேயே சந்தேகம் கொள்ளத் தொடங்கிவிடுகிறது. ஒருவேளை எனக்கு ஒன்றும் இல்லையோ, நானேதான் இதைக் கற்பித்துக்கொள்கிறேனோ என்று அது தனக்குள்ளே விசாரணை நடத்துகிறது. வியர்வையில் நனைந்த துணியை விடியுமுன் எழுந்து, யாரும் பார்க்காமல் தானே துவைத்துப் போடுகிறது. மற்றொருவர் தன்னை நம்பவில்லை என்பது துக்கம்; தன்னைத் தானே நம்ப முடியவில்லை என்பது அதனினும் ஆழமான துக்கம். வேதாந்திகள் எதை மறுத்தாலும், நான் இருக்கிறேன், நான் அறிகிறேன் என்ற சாட்சி உணர்வை யாராலும் மறுக்க முடியாது என்பார்கள். அந்த உணர்வையே ஆட்டிவிடுகிற காரியத்தை நாம் அன்பின் பெயரால் செய்துகொண்டிருக்கிறோம். புற்றுநோய்தான் என்று கடைசியில் அறிவிக்கப்பட்ட நாளில், அழுகைக்கு முன்னால் இந்த இளைஞர்களில் சிலருக்கு ஒருவித நிம்மதியே முதலில் உண்டாகிறது என்று கேள்விப்படும்போது, அதுவரை அவர்களை நாம் எத்தகைய தனிமையில் நிறுத்தியிருந்தோம் என்பது தெரிகிறது. தாம் பொய் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் ருசுவாகிறது.

இனி வினையைப் பற்றிய கேள்வி. நோய்க்குப் பெயர் கிடைக்காத காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைக் கொண்டுவருகிறார்கள். ஏழரைச் சனி நடக்கிறது, யாரோ கண் வைத்துவிட்டார்கள், குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, போன ஜன்மத்துப் பாவம். பரிகாரம், தாயத்து, மந்திரித்தல் ஆகியவை தொடர்கின்றன. பெண்ணாயிருந்தால், வெளியே தெரிந்தால் வரன் வராது என்ற பயமும் சேர்ந்துகொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதே தள்ளிப்போகிறது. பிரார்த்தனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். மனிதன் தன் எல்லையை உணர்ந்து கை கூப்பும் இடத்தில் உயர்ந்தது ஒன்று இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியின் இடத்தில் வினையைக் கொண்டுவந்து உட்காரவைப்பது சமயத்துக்குச் செய்யும் தொண்டு ஆகாது என்பதற்குச் சமயப் பெரியோர்களே சாட்சி.

திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் திருக்கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றி வருத்தியது என்றும், அப்பொழுது அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்றும் சேக்கிழார் கூறுகிறார். அந்தப் பதிகத்தின் தொடக்கத்தில் அந்த இளம் ஞானி எழுப்பும் கேள்வி என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும். முன்செய்த வினைக்கு இது பலன் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்கு இழுக்கல்லவா என்பது அதன் கருத்து. வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. வினையைச் சாக்காக வைத்துக்கொண்டு கைகட்டியிருப்பதைத்தான் மறுக்கிறார். சைவ உலகம் இன்றளவும் நோய் வந்த காலத்தில் இந்தப் பதிகத்தை ஓதிவருகிறது. ஓதுகிறவர்கள் அதன் பொருளையும் சிறிது நின்று கேட்பார்களானால், தேடலுக்கும் பக்திக்கும் பகை இல்லை என்பது புலனாகும்.

புத்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மோலிய சீவகன் என்ற பரிவிராஜகன் அவரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாம் பழவினையால் வருவதே என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதாகப் பௌத்த நூலாகிய சம்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடம்பைச் சரிவரப் பேணாமை, வெளியிலிருந்து நேரும் தாக்குதல், கடைசியாக வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களை எடுத்துச் சொல்லி, எல்லாவற்றுக்கும் வினை ஒன்றே காரணம் என்பவர்கள் தாமாக அறிந்ததையும் மீறி, உலகம் உண்மையென்று ஒப்பியதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று அவர் பதில் சொன்னார். கன்மக் கொள்கையைத் தம் போதனையின் அடித்தளங்களில் ஒன்றாக வைத்த ஒருவர், நோய் விஷயத்தில் அதற்கு எட்டில் ஓர் இடம் மட்டுமே தந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அப்பர் சுவாமிகளுடைய வரலாற்றை இங்கே சிலர் எதிராக எடுத்துக் காட்டக்கூடும். மருள்நீக்கியார் என்ற இயற்பெயருடைய அவர் சமணம் சார்ந்து தருமசேனராய் விளங்கியபோது அவர் வயிற்றில் சூலை நோயை மூட்டியது சிவனருளே என்று பெரியபுராணம் சொல்லவில்லையா, நோய் என்பது அருளின் கருவியாகலாம் அல்லவா என்று கேட்பார்கள். ஆகலாம். ஆனால் அதைச் சொல்லத் தகுந்தவர் யார் என்பதே என் கேள்வி. சேக்கிழார் கதையின் முடிவில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்தது, சூலையால் துடித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியாது. எந்தக் குற்றத்துக்காக இது தமக்கு வந்ததென்று தமக்கே விளங்கவில்லை என்ற முறையீட்டோடுதான் திருவதிகையில் அவருடைய முதற் பதிகம் தொடங்குகிறது. பாடலிபுத்திரத்து மடத்தில் இருந்தவர்கள் மந்திரத்தாலும் மயிற்பீலியாலும் நோயைத் தீர்க்க முயன்று முடியாமல் கைவிட்டார்கள். அப்போது அவருக்கு நினைவு வந்தது தமக்கையார் திலகவதியாரே. தம்பி வந்து காலில் விழுந்தபோது, நீ செய்த வினை இது என்று அந்த அம்மையார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லுவதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. எழுந்திரு என்று தேற்றி, திருநீறு அளித்து, விடியுமுன் தாம் அலகிடப் போகும் கோயிலுக்குத் தம்மோடு அழைத்துச் சென்றார். அந்த வரலாற்றில் நாம் பின்பற்றக்கூடிய பாத்திரம் திலகவதியாருடையது. நோயை அருளென்று கண்டு அறிவிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. நோயுற்றவரை அழைத்துக்கொண்டு நடக்கும் கடமை நமக்கு இருக்கிறது. தன் துன்பத்தைத் தன் வினை என்று ஒருவன் ஏற்றுக்கொண்டால் அது அடக்கம், சில வேளை ஞானமும் ஆகும். அதே சொல்லை அயலான் துன்பத்தின்மேல் எறிந்தால் கொடுமை.

இப்படி அழைத்துக்கொண்டு நடந்த ஒருவர் நம் காலத்துச் சென்னையிலேயே இருந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இளைய சகோதரி, இளம் வயதிலேயே வயிற்றுப்போக்கால் வருந்தினார். சீதபேதி என்று கருதிச் சிகிச்சை நடந்தது. அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் அந்தச் சகோதரி மறைந்தார். வீட்டிலேயே ஒரு வைத்தியர் இருந்தும் நோயின் பெயர் பிந்தி வந்தது என்பது இந்தச் சம்பவத்தின் கொடுமை. சகோதரியின் படுக்கையருகே இருந்து அந்த வேதனையைக் கண்ட அந்த அம்மையார், விதி என்று சொல்லி ஆறியிருந்தால் அதைக் குறை சொல்ல யாருக்கும் நா எழும்பாது. அவரோ அந்தத் துக்கத்தை முப்பது ஆண்டுகள் சுமந்து, சட்டசபையிலும் பெண்கள் இயக்கத்திலும் ஆயிரம் வேலைகளுக்கு நடுவே அதை மறவாமல், அவ்வளவு செலவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு, இந்த நோயாளிகள் எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே என்பது போன்ற பேச்சுகளையெல்லாம் கடந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்து வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஒரு மரணத்துக்கு அர்த்தம் என்ன என்று தத்துவம் கேட்கிறது. அர்த்தம் முன்னதாகவே அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உயிரோடிருப்பவர்கள் அதன்பிறகு செய்யும் காரியத்தினால் அர்த்தம் அதற்கு அளிக்கப்படுகிறது என்றே நினைக்கிறேன்.

ஹாட்ஜ்கின் நோயைப் பொறுத்தவரை, பெயர் கிடைத்துவிட்டால் பாதை மிகவும் தெளிவாக இருக்கிறது. அந்தப் பாதையின் ஒரு பகுதி நம் கோயில் நந்தவனங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூத்துக் கிடந்த நித்தியகல்யாணிச் செடியிலிருந்தே வந்தது. அந்தச் செடி நீரிழிவுக்கு உதவுமா என்று ஆராயப் புகுந்த கனடா நாட்டு விஞ்ஞானிகள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், அது இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டு, 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். 1970-களில் இத்தாலியில் மிலான் நகரத்து டாக்டர் ஜானி பொனடோனா அதையும் வேறு மூன்று மருந்துகளையும் சேர்த்து வகுத்த சிகிச்சை முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. தொடக்க நிலையில் கண்டுபிடித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகிறார்கள். முற்றிய நிலையிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஹாட்ஜ்கின் பார்த்த ஏழு பேருக்குக் கிடைக்காத கதி இது. இவ்வளவு நல்ல கதி கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கும்போது, நம்முடைய அவசர நிச்சயங்களால் ஒரு பிள்ளை ஆறு மாதமோ ஓராண்டோ அதை அடையாமல் நிற்குமானால், அந்தப் பழி கிரகங்களைச் சாராது.

ஆதலால் இதைப் படிக்கும் தாய் தந்தையரையும் வைத்தியர்களையும் நான் கேட்டுக்கொள்வது சிறிதே. நியாய நூல் சொல்லும் பேச்சு வகைகளில் வாதம், ஜல்பம் என்ற இரண்டு உண்டு. உண்மையை அறியப் பேசுவது வாதம், வெல்லப் பேசுவது ஜல்பம். நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவே எப்போதும் வாதமே நடக்கட்டும். சரியாகவில்லை என்று திரும்பி வருகிறவரை எதிர்க்கட்சிக்காரராக எண்ணாதீர்கள். பிள்ளைகளே, காய்ச்சல் வந்த நாள், விட்ட நாள், இரவு வியர்த்ததா, எடை எவ்வளவு என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சரகர் நோயாளிக்கு விதித்த குணம் அதுதான். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். கழுத்திலோ, காறை எலும்புக்கு மேலுள்ள குழியிலோ, அக்குளிலோ, தொடையிடுக்கிலோ ஏற்பட்ட கட்டி நான்கு வாரத்துக்கு மேலும் கரையாமல் இருந்தாலும், காசநோய் மாத்திரை தின்றுகொண்டிருக்கும்போதே கட்டி பெருத்தாலும், காய்ச்சலும் இளைப்பும் தொடர்ந்தாலும், ஊசியால் எடுத்த சோதனையோடு திருப்தியடையாமல், ஒரு கணுவை முழுமையாக எடுத்து பயாப்ஸி செய்து பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். அவர் மறுத்தால் இன்னொருவரிடம் போய்க் கேளுங்கள்.